வினையும் கைவினையும்: முதுகுன்றத்தில் ஒரு குழந்தையின் காய்ச்சல்

விருத்தாசலம் என்னும் பெயருக்குப் பழமலை என்பது பொருள். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. தேவாரம் இவ்வூரைத் திருமுதுகுன்றம் என்கிறது. மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வழங்கும் நம்பிக்கைகளுள் தலையாயது, இங்கே உயிர் நீப்பவருக்கு அம்மை தன் முந்தானையால் விசிற, இறைவன் அவர் செவியில் மந்திரம் ஓதி வீடுபேறு அளிக்கிறான் என்பது. அதனாலேயே விருத்தகாசி என்றும் இவ்வூர் போற்றப்படுகிறது. ஆயினும் இந்த நம்பிக்கையை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்ட எந்தத் தாயும், காய்ச்சலில் கொதிக்கும் தன் பிள்ளைக்கு அந்த வீடுபேற்றை வேண்டிக்கொண்டதில்லை. அவள் சந்நிதியில் நின்று திருநீறு வாங்கிக் குழந்தையின் நெற்றியில் இட்டுவிட்டு, அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கும் வரிசையில் நிற்கிறாள். இந்த இரண்டு நிற்றல்களும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா, அல்லது ஒரே செயலின் இரு பகுதிகளா என்பது சமயத்துக்கு வெளியே நின்று கேட்கும் கேள்வி அன்று. சமயத்தின் உள்ளிருந்தே எழும் கேள்வி.

கேள்வியின் கூர்மை குழந்தையிடத்தில்தான் முழுதாக வெளிப்படுகிறது. வளர்ந்தவர் ஒருவர் நோயுற்றால், அவர் உண்டது, குடித்தது, செய்தது என்று ஏதேனும் ஒன்றைக் காரணமாகச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். எட்டு மாதக் குழந்தை இரவு முழுவதும் இருமி, பால் குடிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, அது என்ன செய்தது என்று கேட்பதற்கு இடமே இல்லை. வினைக் கொள்கையை ஏற்பவர்க்கும் மறுப்பவர்க்கும் இந்த இடத்தில் நாக்கு எழுவதில்லை.

இக்கேள்விக்குத் தமிழ்ச் சைவம் தந்த விடை இவ்வட்டாரத்து மண்ணிலேயே உருவானது. சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊராகிய பெண்ணாடம், விருத்தாசலத்துக்கு அண்மையில் உள்ளது. பிள்ளையில்லாத அச்சுதகளப்பாளர் தவமிருந்து பெற்ற மகன் அவர் என்றும், சிறு குழந்தையாக இருந்தபோதே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றார் என்றும் மரபு கூறும். அவர்வழி வந்த சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இவ்வுடம்புக்கென்று பிரிந்து வந்து இன்ப துன்பங்களாக நுகரப்படுவது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். குழந்தையின் உடம்பு புதியது, அதில் குடிவந்த உயிரோ தொன்மையானது என்பதால், எட்டு மாதத்துப் பிள்ளைக்கும் பிராரத்தம் உண்டு என்பது இக்கொள்கையின் முடிவு.

இது நேர்மையான விடை. உலகில் துன்பம் ஏன் ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை என்ற வினாவைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்ளும் விடை. ஆனால் விளக்கம் ஒன்று தீர்ப்பாக மாறும் ஆபத்து இதில் எப்போதும் இருக்கிறது. சாய்ந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்து, ‘எல்லாம் அதன் தலையெழுத்து’ என்று யாரேனும் சொல்லும்போது, அந்தச் சொல் தாயைத் தேற்றுவதற்குச் சொல்லப்படுகிறதா, அல்லது நள்ளிரவில் வண்டி தேடும் சிரமத்திலிருந்து சொன்னவரை விடுவிப்பதற்குச் சொல்லப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வகையில் அது கருணை. இரண்டாம் வகையில் சித்தாந்தத்தின் பெயரால் செய்யப்படும் கைகழுவல்.

சித்தாந்த ஆசிரியர்கள் தாமே இந்த ஆபத்தை அறிந்திருந்தனர் என்று கருத இடமுண்டு. மெய்கண்டாரின் மாணவராகிய அருணந்தி சிவாசாரியார், இறைவன் உயிர்களுக்கு இன்பமும் துன்பமும் ஊட்டுவதை விளக்கத் தேர்ந்துகொண்ட உவமை நீதிபதி அன்று, மருத்துவர். சில நோய்களை அறுத்தும் கீறியும் போக்கி, வேறு சிலவற்றை இனிய மருந்தைக் கொடுத்தே தீர்க்கும் மருத்துவனைப் போல, இறைவன் வினையை ஊட்டி அறுக்கிறான் என்பது சிவஞான சித்தியாரின் கருத்து. இந்த உவமை பொருந்த வேண்டுமானால் மருத்துவரின் செயல் நல்லது என்பது முன்னமே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். மருத்துவத்தை இறைநம்பிக்கைக்குப் பகையாகக் கருதிய மரபு, இறைவனையே மருத்துவனாக உவமித்திருக்காது.

இதனினும் நேரான சான்று ஒரு காய்ச்சலைப் பற்றியே அமைந்திருக்கிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன் வந்த அடியவர்களைக் குளிர்சுரம் பற்றியது என்றும், அப்போது அவர் பாடியதே திருநீலகண்டப் பதிகம் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகத்தின் தொடக்கப் பாடல் சொல்லும் கருத்து வியப்புக்குரியது. முன்செய்த வினைக்கு இது பயன் என்று தெரிந்துவைத்திருப்பவர்கள், அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாமல் இருந்தால் அது அவர்களுக்கே ஊனமாகாதா என்று சம்பந்தர் கேட்கிறார். வினை என்னும் விளக்கத்தை அவர் மறுக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அதோடு நின்றுவிடுபவரைத்தான் இடித்துரைக்கிறார். காரணம் தெரிந்துவிட்டது என்பது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதற்கு ஒப்பாகாது.

அப்பாடலிலேயே இறைவன் கழலைப் போற்றுவதற்கு முன்னால் கைவினை செய்வது என்ற ஒன்றையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். உரைகாரர்கள் இதற்குக் கையால் செய்யும் திருத்தொண்டு என்று பொருள் கொள்வர்; பூத்தொடுத்தல், அலகிடுதல் போன்றவை அதில் அடங்கும். கொதிக்கும் நெற்றியில் ஈரத்துணி இடுவதும், கரண்டி கரண்டியாக உப்புச்சர்க்கரைக் கரைசல் ஊட்டுவதும் அத்தொண்டில் சேரா என்று விலக்குவதற்குச் சைவ நெறியில் காரணம் எதுவும் தென்படவில்லை. வினை என்பது முன்னே செய்யப்பட்டது. கைவினை என்பது இப்போது செய்யப்படுவது. ஒரே சொல் இரண்டுக்கும் வேராக இருப்பதைத் தமிழின் பேறு என்றுதான் சொல்ல வேண்டும்.

பாண்டியன் நெடுமாறனின் வெப்புநோயைச் சம்பந்தர் மதுரையில் திருநீற்றால் தணித்த வரலாற்றைக் காட்டி, மருந்து தேவையில்லை என்பதற்கு அதைச் சான்றாக்குவோர் உண்டு. அந்த வரலாறு மெய்யன்பின் ஆற்றலைப் பேசுவது. அதை ஒவ்வொரு வீட்டுக்குமான மருத்துவக் குறிப்பாக வாசிப்பது, முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட வரலாற்றைக் கேட்டுவிட்டுக் குழந்தையை ஆற்றங்கரையில் தனியே விடுவதைப் போன்றது.

விருத்தாசலத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. அது பீங்கான் ஊர். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் மின்சார பியூஸ் கட்டைகளும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் உருவாகின்றன; அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டும்போது கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு ஆதாரம். பொம்மை செய்யும் இடத்தில், கூழாகக் கரைத்த களிமண் சுண்ண அச்சுக்குள் ஊற்றப்படுகிறது. அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் களிமண் தோலாகப் படிகிறது. மிஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்து, இறுகிய உருவத்தை எடுத்து, அச்சு பொருந்திய இடத்தின் விளிம்பைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காய வைக்கிறார்கள். பச்சை மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே சூளையில் ஏற்றினால் நீர் ஆவியாகிப் பொருள் வெடிக்கும். 1,200 டிகிரி செல்சியசையும் தாண்டும் சூளையின் வெப்பத்தை மளமளவென்று ஏற்றினாலும் இறக்கினாலும் விரிசல் விழும்.

சைவ சித்தாந்தம் உலகத் தோற்றத்தை விளக்கக் கையாளும் உவமையும் மண்கலம் செய்வோருடையதே. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்பர். இந்த மூன்றனுள் ஒன்று மற்றொன்றை நீக்கிவிடுவதில்லை. இங்கேதான் குழந்தையின் இருமலுக்கும் சூளையின் விரிசலுக்கும் உறவு தெரிகிறது. முதல் அகலை ஏற்றும் முன் சூளைக்குக் கற்பூரம் காட்டி வணங்குபவரும், உள்ளே பொருள் வெடித்திருந்தால் விதி என்று சொல்லி நகர்ந்துவிடுவதில்லை. ஈரம் இருந்ததா, களிமண் சலிக்கப்பட்டதா, தீ விரைந்து ஏறியதா என்று துணைக்காரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். மண் பொம்மைக்குச் செய்யும் விசாரணையைத் தம் பிள்ளையின் நெஞ்சுக்குச் செய்யாமல் விடுவதை எந்தத் தத்துவமும் கேட்கவில்லை.

அப்படி விசாரித்தால், இருமும் குழந்தையைச் சுற்றிப் பல துணைக்காரணங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான சளியும் இருமலும் வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் வருபவை. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்வதால், அத்தூசில் உள்ள நுண்ணிய சிலிக்கா பல்லாண்டுகள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தொழில்நோயை வருவிக்கக்கூடும்; அது தொழிலாளியை அச்சுறுத்துவது, குழந்தையின் சளிக்கு அது காரணம் அன்று. எனினும் வேலை முடிந்து வந்தவர் சட்டையை மாற்றிக் கைகால் கழுவும் முன் பிள்ளையைத் தூக்கும்போது தூசும் கூடவே ஏறுகிறது. அத்தூசும், விறகடுப்பின் புகையும், அருகில் புகைப்பவரின் பீடியும் சிறிய மூச்சுக்குழாய்களை உறுத்தும் என்பதில் ஐயமில்லை.

காய்ச்சலைப் பற்றி இன்றைய மருத்துவம் சொல்வதைக் கேட்டால், அது நோய் அன்று, நோயை எதிர்க்கும் உடம்பின் முயற்சி என்பது முதலில் விளங்கும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். வைரஸ் காய்ச்சல்களுள் பெரும்பான்மை சில நாள்களில் தாமாகவே தணிபவை. பாராசிட்டமால் காய்ச்சலின் காரணத்தை நீக்குவதில்லை. குழந்தையின் அயர்ச்சியைக் குறைத்துப் பால் குடிக்கவும் உறங்கவும் உதவுகிறது. அதன் அளவு வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டு கணிக்கப்படுவது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 1 மில்லியில் 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தும், 5 மில்லியில் 120 அல்லது 250 மில்லிகிராம் கொண்ட சிரப்பும் ஒரே கடையில் விற்பதால், சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றிவிடும் பிழை எளிதில் நேர்கிறது. சீசாவின் மேல் அச்சிட்டிருப்பதை வாசிப்பதும் ஒரு கைவினைதான். ஆஸ்பிரின் குழந்தைக் காய்ச்சலுக்கு ஆகாது. டெங்கு ஐயம் இருந்தால் ஐபுபுரூஃபனும் ஆகாது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செய்யச் சொல்வதை இங்கே நினைவுகூரலாம்.

அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர். நான்காமவரை மற்ற மூவரோடு சமமாக வைத்தது வள்ளுவரின் நுட்பம். குழந்தை நோயில் இந்த நான்காவது கூறு இன்னும் பெரிதாகிறது. தன் வலியைச் சொல்லத் தெரியாத நோயாளிக்குத் தாயே வாயாகவும் இருக்கிறாள். அவள் காண்பதுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் செய்தி. எனவே அவள் எதைக் காண வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லித் தருவது, மருந்து தருவதற்குக் குறைந்த கொடை அன்று.

காண வேண்டியவற்றுள் முதன்மையானது மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை விலக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40 என்பவை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள். எண்ணிக்கை அந்த எல்லையைத் தொட்டாலோ மீறினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ் நெஞ்சு உள்வாங்குவது அதனினும் தீவிரமான குறி. பாலோ நீரோ குடிக்க இயலாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவை எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய அடையாளங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே, வேறு குறி எதையும் தேடாமல், அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலில் வரும் வலிப்பைக் கண்டு ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் சூடு வைப்பதும் உதவா. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதையும் இடாமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். அதற்குள் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இந்த அறிவுரையைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. குழந்தைக் காய்ச்சலுக்கு மருத்துவம் சொல்லும் வழியில் மருந்தின் பங்கு சிறியது, காத்திருத்தலின் பங்கு பெரியது. ஆனால் அது கண்மூடிய காத்திருப்பு அன்று, விழித்திருந்து காப்பது. காத்தல் என்ற சொல்லுக்கே தமிழில் எதிர்பார்த்திருத்தல், பாதுகாத்தல் என்ற இரு பொருளும் உண்டு. சமயம் குடியிருக்கும் இடமும் இதுதான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின், வெப்பமானியின் எண் இறங்கும்வரை உள்ள அந்த இரவை ஒரு மனிதர் எதைக் கொண்டு தாங்குவது? மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, பிள்ளை எழுந்ததும் வந்து செலுத்துகிறேன் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும், அந்தி தொழுகை முடிந்து வருபவர்கள் ஓதி ஊதுவதற்காகப் பள்ளிவாசல் முன் எல்லாச் சமயத்துத் தாய்மாரும் பிள்ளையோடு நிற்பதும், ஆரோக்கியத்தின் பெயரையே தாங்கிய வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டுவதும் அந்த இரவைத் தாங்கும் தூண்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியும், மருத்துவருக்கு உரிய மதிப்பைத் தரச் சொல்லும், கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானநூலும் இவ்விடத்தில் சம்பந்தரோடு ஒரே திசையில் நிற்கின்றன.

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயில் வழக்கம் இதில் தனித்துப் பேசத் தக்கது. உருவமின்றித் தானே தோன்றிய கல்லாக முருகன் வழிபடப்படும் அக்கோயிலில், அடியவர்கள் தம் குறையைத் தாளில் மனுவாக எழுதிச் சந்நிதியில் வைத்து வணங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுப் போகின்றனர்; இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். குறை தீர்ந்ததும் மீண்டும் வந்து பிராதை ராஜினாமா செய்வார்கள். நீதிமன்றச் சொற்கள் கோயிலுக்குள் வந்தது தற்செயல் ஆகலாம். ஆனால் அதற்குள் ஒரு சமயக் கருத்து இருக்கிறது. பிராது எழுதுபவர் துன்பத்தை விதியென்று ஒப்புக்கொண்டு தலைகுனியவில்லை. இது இப்படி இருக்கலாகாது என்று தெய்வத்தின் முன்னிலையிலேயே முறையிடுகிறார். முறையிடுபவர் மற்ற வழிகளையும் நாடுவார்.

காய்ச்சலையே தெய்வ வடிவமாகக் கண்ட மரபும் நம்மிடம் உண்டு. மூன்று தலையும் மூன்று காலும் கொண்ட ஜுரதேவரைச் சிவாலயங்கள் பலவற்றில் காணலாம். காஞ்சிபுரத்தில் ஜுரஹரேஸ்வரருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அவருக்கு மிளகு ரசமும் சாதமும் படைப்பது பல ஊர் வழக்கம். தேறிவரும் குழந்தைக்குப் பாட்டி குழைத்து ஊட்டுவதும் அதுவே. படையலும் பத்தியமும் ஒன்றாகிவிட்ட இந்த இடத்தில் நம்பிக்கை குழந்தைக்குத் துணை நிற்கிறது. அம்மை நோயில் இரு பக்கமும் கலந்து கிடக்கின்றன. உடம்பில் தடிப்பு கண்டதும் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, அயலாரை உள்ளே விடாமல், வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது தொற்றைத் தடுக்கும் ஒழுங்குதான். ஆனால் தட்டம்மை கண்ட குழந்தைக்கு மூச்சு வாங்கும்போதும், அம்மன் இறங்கும்வரை மருந்து கூடாது என்று பிடிவாதம் செய்வது அக்குழந்தையை நிமோனியாவிடம் ஒப்படைப்பதாகும். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதனால் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பது நின்றுவிடவில்லை, தீச்சட்டி குறையவில்லை. அவள் நோயின் தெய்வமாக மட்டும் இருந்திருந்தால் நோயோடு அவளும் போயிருப்பாள். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதை எந்த அம்மனும் குறையாகக் கொள்ளவில்லை.

நம்பிக்கை மந்திரமாகக் கெட்டுப்போவதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். மருந்து மந்திரமாகக் கெட்டுப்போவதைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. காத்திருக்கச் சொல்லும் மருத்துவரை விட்டுவிட்டு, ஊசி போடும் மருத்துவரைத் தேடிப் போவதும், வைரஸ் சளிக்குப் பயன்படாத ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்குவதும், எது எதற்கென்று அறியாமல் இருமல் சிரப்பை மூடியில் ஊற்றிக் கொடுப்பதும் அறிவியலின் மேல் உள்ள நம்பிக்கையால் அன்று. ஏதேனும் ஒன்றைக் குழந்தையின் உடம்புக்குள் செலுத்திவிட்டால் அச்சம் தீரும் என்ற தாயத்து மனநிலையால். இருமல் சளியை வெளியேற்றும் வழி. பெரும்பாலான இருமல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தானே அடங்கும். ஓராண்டு நிரம்பிய குழந்தைக்குச் சிறிது தேன் போதும். அதற்குக் குறைந்த வயதினர்க்குத் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி நஞ்சு உண்டாக்கும் என்பதால் தேனும் ஆகாது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை மருத்துவர்கள் விலக்குவதும், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும் என்பதால்தான். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

2025-ஆம் ஆண்டு இந்த மனநிலையின் விலையைக் காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் கோல்ட்ரிஃப் என்னும் சிரப்பைக் குடித்த குழந்தைகள், சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இறந்தோர் 20-க்கும் மேற்பட்டோர். அந்தச் சிரப்பு தயாரானது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருப்பது தெரிந்தது, 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாத பொருள் அது. தொழிற்சாலைகளில் பயன்படும் இந்த இனிப்பான நச்சுத் திரவம், மருந்துக் கரைப்பான்களைவிட மலிவானது என்பதால் அவற்றின் இடத்தில் நுழைந்துவிடுகிறது. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்டதும் இதுவே. சிந்த்வாரா நிகழ்வுக்குப் பின் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இருமல் சளி மருந்துகளைத் தர வேண்டாம் என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாகவே அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது.

அக்குழந்தைகளின் சாவை அவர்களுடைய பிராரத்தம் என்று எவரேனும் சொல்லத் துணிவாரானால், சித்தாந்தத்தின் மறுபாதியையும் அவர் சொல்லியாக வேண்டும். கலவையைச் சோதிக்காமல் சீசாவில் நிரப்பியவரின் ஆகாமியம், அதாவது அந்தக் கணத்தில் அவர் தாமே விரும்பி ஈட்டிய புதுவினை, குழந்தையின் வினையால் கழிந்துவிடுவதில்லை. துன்புறுபவரின் வினையைக் காட்டித் துன்புறுத்துபவர் தப்பிக்க இக்கொள்கையில் வாசல் இல்லை. குழந்தை எதைச் செய்து இதை அடைந்தது என்ற வினா மனித அறிவுக்கு எட்டாதது; யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்ற வினா ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எட்டக்கூடியது. எட்டக்கூடியதை விட்டுவிட்டு எட்டாததைப் பேசுவது அறமாகாது.

விருத்தாசலத்து அம்மைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. விருத்தாம்பிகை முதியவள், பாலாம்பிகை இளையவள். பசியோடு வந்த குருநமசிவாயர் என்னும் அடியவர் அம்மையைக் கிழவியென்று பாடிச் சோறு கேட்க, கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா என்று அம்மை கேட்டாள் என்றும், அவர் தன்னை இளையவளாகப் பாடிய பின் இளநங்கையாய் வந்து அளித்தாள் என்றும் வழக்கு. குழந்தைக்கு நோய் வந்த வீட்டிலும் இந்த இருவரும் இருக்கின்றனர். சுக்கும் வசம்பும் உரைத்த கல்லோடு பாட்டியும், கிராம சுகாதார செவிலியர் எழுதித் தந்த அட்டையோடு இளம் தாயும் ஒரே பாயருகில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியின் சொல்லில் எல்லாமே தள்ளத் தக்கன அல்ல. கஞ்சித்தண்ணீரும், மடியை விட்டு இறக்காத அணைப்பும், அடிக்கடி பால் கொடு என்ற அதட்டலும் இன்றைய மருத்துவமும் சொல்பவை. பல பிள்ளைகளைப் பெற்றுச் சிலரைப் பறிகொடுத்த தலைமுறையின் அச்சம் அவள் கைப்பக்குவத்தில் படிந்திருக்கிறது.

அந்த அச்சம் உருவாக்கிய சடங்கு ஒன்று உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமிக்கு விற்றுவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிச்சை, குப்புசாமி போன்ற பெயர்களும் இதே அச்சத்தில் பிறந்தவை. விலைமதிப்பற்றதைத் தவிட்டுக்கு விற்பதாகச் சொல்லிக் காலனை ஏமாற்றும் தந்திரம் என்று இதை விளக்குவது வழக்கம். ஆனால் கொடுத்து வாங்கிய பின் அந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்டால் சடங்கின் உட்பொருள் வேறாகிறது. அது இப்போது சாமியின் பிள்ளை. தாய் அதை வளர்க்கும் பொறுப்பை ஏற்றவள். தன் பிள்ளை என்றால் தலையெழுத்து என்று சொல்லிவிடலாம். ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்கு நாளை கணக்குக் கேட்கப்படும். ஆகவே இரவு இரண்டு மணிக்கு, கைபேசியின் வெளிச்சத்தில் சட்டையை விலக்கி, உதடு அசையாமல் அவள் அந்த வயிற்றின் ஏற்றத்தையும் தாழ்வையும் எண்ணுகிறாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பதே எல்லை. எண்ணிக்கை நாற்பத்தாறில் முடிய, விடியட்டும் என்று சொல்லும் குரல்களுக்குக் காது கொடுக்காமல் 108-ஐ அழைக்கிறாள். வண்டி வரும்வரை நிலைவாசலில் நிற்கும்போது, காசு முடிந்த மஞ்சள் துணி அவள் இடுப்பில் செருகியிருக்கிறது.